மலைவீட்டில் செயற்கைப் பூ: எந்தப் பூ, எந்த இடம், எவ்வளவு காலம்?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர், 18 மே 2024

உதகையில் 1896-ஆம் ஆண்டு முதல் மலர்க் கண்காட்சி நடந்து வருகிறது. அதன் நூற்றாண்டை நினைவுகூர 1995-இல் ஒரு ரோஜாப் பூங்காவையே அமைத்தார்கள். வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் யாரும் நடாமலே பூ பூக்கிற இந்த மாவட்டத்தில், வரவேற்பறைக்குத் துணிப்பூவும் பிளாஸ்டிக் பூவும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு அவற்றைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள் என் மருமகள். இப்போது வருபவை அசல் பூவைப் போலவே இருக்கின்றனவாம். வைத்துப் பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

18 மே 2024, இரவு

வையுங்கள். ஆனால் மருமகள் காட்டும் பூக்களில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

குன்னூரில் வாடகைக்கு விடப்படும் சில பங்களாக்களின் உள் அலங்காரத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். அதற்கு முன்பு பல ஆண்டுகள் பசுமைக்குடிலில் கார்னேஷன் பறித்துக் கட்டும் வேலையில் இருந்தேன். ஆகவே உயிருள்ள பூவின் மீது எனக்கிருக்கும் பற்று உங்களுடையதைவிடக் குறைந்ததன்று. அப்படியிருந்தும் செயற்கைப் பூ வாங்குகிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஜாடித் தண்ணீர் நாறிப்போகும். வெளிச்சம் எட்டாத மாடிப்படித் திருப்பத்தில் தொட்டிச்செடி தங்காது. தோட்டத்தில் நட்டதைக் காட்டுமாடு இரவோடு இரவாக மேய்ந்துவிடும். கிழங்கு வகைகளை முள்ளம்பன்றி தோண்டிவிடும்.

மலையில் செயற்கைப் பூவுக்கு ஒரு கூடுதல் சோதனை இருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் விருந்தினர் துணி ரோஜாவைப் பார்த்து ஒரு கணம் ஏமாறலாம். வேலி நெடுக ரோஜா வளர்த்திருக்கும் பக்கத்து வீட்டு அம்மாள் வாசற்படியில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார். நம் கண் தினமும் பார்க்கிற ரோஜாவையும் டேலியாவையும் ஜெரேனியத்தையும் செயற்கையில் வாங்காதீர்கள். இதழ் தடித்து மெழுகு பூசியதுபோல் இருக்கும் ஆர்க்கிட், துலிப் ஆகியவற்றைப் பாருங்கள். பாலியூரித்தேன் அல்லது லேடெக்ஸ் பூச்சுடன் ‘ரியல் டச்’ என்று விற்கிறார்களே, அந்த வகையில் இந்தப் பூக்கள் மிக நன்றாக வந்திருக்கின்றன. தொட்டால் சில்லென்று, சற்றே ஈரமாக இருப்பதாகவே தோன்றும். பட்டுப்பூ என்று சொல்லிக் கொடுப்பதில் பட்டு ஏதும் கிடையாது, பெரும்பாலும் பாலியஸ்டர் துணிதான். மெல்லிய இதழ் கொண்ட பூவுக்கு அது பொருந்தும், தடித்த இதழுக்குப் பொருந்தாது.

ஓடைக்கரையில் தானாக வளரும் காலா லில்லி மட்டும் நமக்குப் பழகிய பூக்களில் விதிவிலக்கு. அதன் இதழ் இயல்பிலேயே வழுவழுப்பானது என்பதால் செயற்கையிலும் அது ஏமாற்றுகிறது.

19 மே 2024

ஹைட்ரேஞ்சியா பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைகளில் அதிகம் விற்பதும், நம் ஊரில் அதிகம் தோற்பதும் அந்தப் பூதான்.

நம்முடையது தேயிலைக்கு ஏற்ற அமிலத்தன்மை கொண்ட மண். அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குள் எளிதாக ஏறுவதால் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. கடையில் அடுக்கி வைத்திருப்பதோ இளஞ்சிவப்பு. குன்னூரில் ஒரு வீட்டு மேசையில் இளஞ்சிவப்பு ஹைட்ரேஞ்சியா இருந்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ ஒன்று உறுத்தும்.

நீலத்தையே வாங்கினாலும் வேலை இருக்கிறது. அசல் கொத்து ஒன்றைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் சிறு பூக்கள் விரிந்து நீலம் ஏறியிருக்கும், நடுவிலும் அடியிலும் இருப்பவை இன்னும் வெளிர்ப்பச்சையாக, பாதி மடிந்து இருக்கும். எங்காவது ஓர் இதழின் விளிம்பு பழுப்பாகியிருக்கும். செயற்கைக் கொத்தில் எல்லாச் சிறு பூவும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பிளாஸ்டிக் முனை. நான் வெவ்வேறு நீலத்தில் இரண்டு கொத்துகளும் வெளிர்ப்பச்சையில் ஒரு கொத்தும் வாங்கிவந்து, சிறு பூக்களை முனையிலிருந்து உருவி, கலந்து மறுபடி செருகுகிறேன். நடுவில் பச்சையும் ஓரத்தில் நீலமுமாக வரும்படி செருகினால் அந்தக் கொத்து முற்றிலும் வேறொன்றாகிவிடுகிறது. ஒரு மாலைநேர வேலை அது. செய்து முடித்தபின் மனத்துக்கு நிறைவாக இருக்கும்.

26 மே 2024

கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்விக்கு: பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். பூவைச் செய்வதில் காட்டிய அக்கறையை இலையில் காட்டாத உற்பத்தியாளர்கள்தாம் அதிகம். இலை பளபளத்தால், நரம்புகள் அச்சடித்ததுபோல் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தால், அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். அடுத்தது தண்டு. வார்ப்பின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை ஓடும். அது விரல் நகத்தில் தட்டினால் மலிவான சரக்கு என்று பொருள். துணி இதழாக இருந்தால் விளிம்பில் நூல் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் கொத்துக் கொத்தாகக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். அப்படி மூன்று கொத்து வாங்கும் பணத்தில் ஒரே ஒரு நல்ல ஆர்க்கிட் தண்டு வாங்கிவிடலாம். நான் தண்டைத்தான் வாங்குவேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் நசுங்கியிருக்கும் துணிப் பூவை இட்லிப் பாத்திர ஆவியில் தள்ளிப் பிடித்தால் மடிப்பு விடும். தண்டுக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் வளைத்துக்கொள்ளலாம். கனத்த பூ சற்றுத் தலை சாயும்படி, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்காதபடி வளைக்க வேண்டும். உயிர்ப்பூ வெளிச்சத்தைத் தேடித் திரும்பும் என்பதால் ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகச் சில பூக்களின் முகத்தைத் திருப்பி வைக்கிறேன். அறைக்குள் வருபவர் இதைக் கவனிப்பதில்லை, ஆனாலும் அவர் கண்ணுக்கு அது இயல்பாகப் படுகிறது.

27 மே 2024

கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் இன்னும் அசலாக இருக்குமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெட்டிய முனை வழியாகத் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, தண்ணீர் செந்நிறமாகிவிடும். மண்ஜாடியோ பித்தளைச் செம்போ நல்லது. தண்டின் அடி வெளியே தெரியாது. உள்ளே கூழாங்கல் போட்டால் சாயாமலும் நிற்கும்.

23 ஜூன் 2024

மழை பிடித்துவிட்டது. மே மாதத்தில் நான் எழுதியவற்றில் ஒன்றுமே இந்த மழைக்காலத்துக்குப் போதாது.

சமவெளியில் செயற்கைப் பூவுக்குத் தூசிதான் பகை. இங்கே அதற்கு மேல் மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. ஜன்னலைத் திறந்தால் மேகமே அறைக்குள் வந்துவிடுகிறது. தூசியும் ஈரமும் சேர்ந்த துணி இதழில் பூஞ்சணம் பூக்கும். முதலில் மடிப்புகளின் உட்புறத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும், அப்போது மோந்து பார்த்தால் நனைந்த சாக்கின் வாடை வரும். சூடாக்கி ஒட்டும் பசையும் குளிரில் விறைத்துப் பிடிவிட்டு, இதழ் தனியே கழன்று விழும்.

ஆகையால் நான் பின்பற்றும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். இதைத்தான் இந்த இழையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். செயற்கைப் பூவை ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அதற்கும் ஒரு பருவம் கொடுங்கள். ஓர் உயிர்ப்பூவை மேசையில் எவ்வளவு காலம் எதிர்பார்ப்போமோ அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். பிறகு எடுத்துத் துடைத்து, நன்றாக உலர்த்தி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உள்ளே வைத்துவிடுங்கள். சில காலம் அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். பூ தன் வேலையைச் செய்வது அது புதிதாக வந்திருப்பதால்தான். எப்போதும் அங்கேயே நிற்கும் பூவைச் சில வாரங்களில் வீட்டார் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள், தூசியும் அதன்பிறகுதான் சேர்கிறது. பார்க்காத பொருளை யாரும் துடைப்பதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை என் பொறுப்பிலுள்ள வீடுகளில் துணிப்பூ எதுவும் வெளியில் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் கோத்தகிரியும் மறுபடி நனையும் என்பதால், அப்போதும் கழுவித் துடைக்கக்கூடிய பூச்சு வகை மட்டும்தான்.

24 ஜூன் 2024

கழுவுவது: பிளாஸ்டிக் வகைக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சிறிது சோப்பும் போதும், தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். துணிப்பூவை நனைக்கும் முன் ஒரே ஓர் இதழில் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நனைக்க அஞ்சினால், ஒரு பையில் கல்லுப்பையும் பூவையும் போட்டு மெதுவாகக் குலுக்கினால் தூசி உப்பில் ஏறிவிடும். மழைக்காலத்தில் இதைச் செய்ய வேண்டாம்; இதழில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

11 ஆகஸ்ட் 2024

சுவாமி படத்துக்குச் செயற்கைப் பூ வைக்கலாமா என்ற கேள்வி வந்து, பேச்சு சற்றுச் சூடாகிவிட்டது.

மனிதர் செய்த பூ என்பதாலேயே அது தாழ்ந்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. சங்க காலத்து அரசர்கள் பாணருக்குப் பொன்னால் செய்த தாமரையைச் சூட்டி மரியாதை செய்தார்கள். கோயில்களில் பொற்பூவால் அர்ச்சனை நடக்கிறது. ஆனால் அங்கெல்லாம் கொடுப்பவர் தன்னிடமிருந்து ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். செம்பருத்தியைப் பறித்து வைத்தாலும் மாலைக்குள் வாடிப்போகும் ஒன்றை விட்டுக்கொடுத்ததாகத்தான் ஆகிறது. படத்துக்கு மேல் ஒருமுறை மாட்டிவிட்டு அப்படியே மறந்துவிடும் பிளாஸ்டிக் சரத்தில் அந்தக் கொடை இல்லை. என் வீட்டுப் பூஜை அலமாரியில் உயிர்ப்பூ மட்டும்தான். கிடைக்காத நாளில் ஒரு துளசி இலை. சத்தியமங்கலத்து மல்லி மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வருவதற்குள் பாதி மலர்ந்துவிடுகிறது என்றாலும் அதைத்தான் வாங்குகிறேன்.

நிலைவாசலில் கட்டும் செவ்வந்திச் சரம் வேறு. அது வீட்டுக்கு வருபவர்க்கான வரவேற்பு. விழா முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பொங்கலுக்குக் கட்டியதை ஆடிவரை வெளுக்கவிட்டு, சாயம் போன சரத்தின் கீழே விருந்தினரை நிற்க வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

விளக்கின் அருகிலும் ஊதுபத்தியின் அருகிலும் இவற்றை வைக்கவே கூடாது. பாலியஸ்டர் உருகிச் சொட்டும், சொட்டும் துளி தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பின் மேல்திட்டில் பூ வைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

8 செப்டம்பர் 2024

மறைந்தவர்களின் படத்துக்கு என்ன போடுவது என்று கேட்ட அன்பருக்கு.

என் தாயாரின் படத்துக்கு முதலில் யாரோ ஒரு பிளாஸ்டிக் ரோஜா மாலை வாங்கி வந்து போட்டார்கள். அது வெளுத்து வெளுத்து, சிவப்பு போய்ச் சாம்பல் நிறமான பிறகும், கழற்றுவதற்கு யாருக்கும் கை வரவில்லை. கழற்றினால் அம்மாவிடமிருந்து எதையோ எடுப்பது போன்ற ஓர் உணர்வு. இந்த ஒன்றுக்காகவே, துக்க வீட்டுக்குச் செயற்கை மாலை கொண்டு போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வாடாத மாலையை எப்போது கழற்றுவது என்று அந்த வீட்டாருக்கு யாரும் சொல்லித்தர முடியாது.

இப்போது சந்தனச் சீவல் மாலை இருக்கிறது. இந்த ஈரத்தில் அதற்கும் பூஞ்சணம் வருகிறது. வெயில் வரும் நாளில் எடுத்துக் காயவைக்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. திதியன்றும் பிறந்தநாளன்றும் தோட்டத்துப் பூ.

9 செப்டம்பர் 2024

குறிஞ்சியைச் செயற்கையில் செய்து தருவார்களா என்று கொடைக்கானலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்த நீலக்குறிஞ்சியை ஜாடியில் வைக்க வேண்டாம் என்பதே என் விருப்பம். அது ஒரு தண்டாக அழகு தரும் பூவன்று, மலைச்சரிவு முழுவதும் பூத்தால்தான் அது குறிஞ்சி. நல்ல புகைப்படம் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டுங்கள்.

20 அக்டோபர் 2024

பூ விவசாயிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்ற குறை நியாயமானது. பசுமைக்குடிலில் வேலை செய்தவளாக நானே அதை முதலில் எழுதியிருக்கலாம்.

நீலகிரியில் பல குடும்பங்கள் வங்கிக் கடன் வாங்கிக் குடில் போட்டுக் கார்னேஷனும் ஜெர்பெராவும் வளர்க்கின்றன. திருமண மேடைகள் பிளாஸ்டிக் பூவுக்கு மாறும்போது அந்தப் பணம் இவர்கள் கையிலிருந்துதான் போகிறது. ஆகவே நான் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: சாப்பாட்டு மேசையிலும் விருந்தினர் வரும் நாளிலும் கார்னேஷன் வாங்குங்கள். தண்டைச் சாய்வாக வெட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால், நம் குளிரில் இரண்டு வாரத்துக்கும் மேல் நிற்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி அது. செயற்கைப் பூவை, உயிர்ப்பூ தங்க வழியில்லாத மூலைக்கு மட்டும் வையுங்கள். கல்யாண மேடை, வரவேற்பு வளைவு ஆகியவற்றுக்கு அது வேண்டாம். ஒரே மாலைக்காக ஏற்றிய பூ, மறுநாள் குப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் கப்புகளுக்கும் உறிஞ்சுகுழல்களுக்கும் தடை இருக்கிறது. ஒரு நாளுக்காக வாங்கும் பிளாஸ்டிக் பூவும் அதே வகைப் பயன்பாடுதான் என்பதை நாமாகவே உணர வேண்டும்.

17 நவம்பர் 2024

பருவம் கொடுங்கள் என்று ஜூனில் எழுதியதைத் தொடர்ந்து, டப்பாவில் பூ உள்ளே போன காலத்தில் அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். வெறுமையாக விடலாம் என்றுதான் சொன்னேன். மனம் கேட்கவில்லை என்றால் உலர்பூ இருக்கிறது.

உதகையிலும் கொடைக்கானலிலும் சாலையோரத்தில் விற்கும் எவர்லாஸ்டிங் பூ, இதழே வைக்கோல்போல் மொறமொறப்பானது. செடியில் இருக்கும்போதே பாதி உலர்ந்ததுதான். கடும் ஊதா, கடும் பச்சைச் சாயம் தோய்த்ததை விட்டுவிட்டு இயற்கையான மஞ்சளையும் வெள்ளையையும் கேட்டு வாங்குங்கள். ஹைட்ரேஞ்சியாவையும் உலர்த்தலாம். இளம்பூவைப் பறித்தால் சுருண்டுவிடும். செடியிலேயே முற்றி, நீலம் மங்கிப் பச்சை ஏறும்வரை காத்திருந்து பறித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.

இதோடு சொல்ல வேண்டிய மற்றொன்று, நாம் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ். அதன் கிளை உலர்ந்த பிறகும் இலை உதிராமல் சாம்பல்பச்சையாக நிற்கும். செயற்கை ஆர்க்கிட்டின் பிளாஸ்டிக் இலைகளைக் கொறடால் வெட்டி எறிந்துவிட்டு இந்த இலைகளைச் சேர்த்துப் பாருங்கள். கண் முதலில் இலையைச் சோதிக்கிறது என்று மே மாதத்தில் எழுதினேன். இங்கே இலை உண்மையாகவே இருப்பதால் பூவையும் கண் ஏற்றுக்கொள்கிறது, அறையில் மெல்லிய தைல மணமும் இருக்கும்.

நெட்டிப் பூவையும் மறந்துவிட வேண்டாம். நீர்நிலையில் வளரும் செடியின் தண்டுச் சோற்றைச் சீவிச் செய்கிறார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் போடும் மாலை அதில்தான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தந்தம் போன்ற அந்த வெண்மை பிளாஸ்டிக்கில் வராது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால் நம் ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தே ஆக வேண்டும்.

12 ஜனவரி 2025

பனிக்காலம், வானம் நீலமாக, வெயில் சுள்ளென்று இருக்கிறது. குளிரில் வெயில் சுடுவது தெரியாததால் எல்லோரும் ஜாடிகளை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்துகிறார்கள். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. உதகை சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. ஜன்னலில் வைத்த சிவப்பும் ஊதாவும் எனக்கு முதலில் வெளுத்தன, வெள்ளைப் பூச்சு வகை மஞ்சளாகியது. நேர்வெயில் படாத சுவரோரமே நல்லது. ஜன்னல் ஓரத்தில் குரங்கு என்ற தொல்லையும் உண்டு. செயற்கைத் திராட்சையும் சிவப்பு மணிக்காய்களும் கலந்த கொத்தைக் கண்டால் கம்பியோடு இழுத்துப் போய்க் கடித்துப் போடும். பிளாஸ்டிக் துண்டு அதன் வயிற்றுக்குள் போகக்கூடாது என்பதற்காகவே அத்தகைய கொத்துகளை நான் எங்கும் வைப்பதில்லை.

16 பிப்ரவரி 2025

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மருமகள் வெள்ளை ஆர்க்கிட் தண்டுகளை மட்டும் வாங்கி மாடிப்படித் திருப்பத்தில் வைத்ததாகவும், தமக்கு அது பிடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. இப்போது அந்த வீட்டிலிருந்த பழைய பிளாஸ்டிக் பூக்களை என்ன செய்வது என்று கேட்கிறார்.

பள்ளத்தில் வீசாதீர்கள். காட்டுமாடு வரும் இடம் அது, மழையில் அடித்துப்போய் ஓடையில் சேரும். எரிக்கவும் கூடாது. கம்பி, பிளாஸ்டிக், துணி, பசை எல்லாம் ஒட்டிக் கிடப்பதால் அப்படியே கொடுத்தால் பழைய சாமான் வாங்குபவர் எடுத்துக்கொள்ள மாட்டார். தண்டின் உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறினால் கம்பி உருவி வந்துவிடும், அதை இரும்போடு போடலாம். நல்ல நிலையில் உள்ள பூக்களைக் கழுவி, பள்ளி விழாவுக்கு மேடை கட்டுபவர்களுக்குக் கொடுக்கலாம். அவர்கள் புதிதாக வாங்குவது அந்த அளவுக்குக் குறையும். மீதியை உலர்குப்பையாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் கம்பி முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அவர்கள் கையில் குத்தும்.